அவர் சொல்ல வேண்டிய ‘முடியாது’

என் கணவருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘முடியாது’. நெல் வியாபாரி காலையில் வந்து உட்கார்ந்தால், வெயில் உச்சிக்கு வரும்வரை முடியாது, முடியாது என்றே சொல்லிக்கொண்டிருப்பார். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போவான். பிறகு திரும்பி வந்து அவர் கேட்ட விலையைக் கொடுப்பான். என்னிடமும் அதே சொல்தான். பூந்தமல்லியில் என் பிறந்த வீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகப் போகட்டுமா என்றால் முடியாது. கொல்லையில் ஒரு முருங்கை வைக்கலாமா என்றால் முடியாது. அப்போதெல்லாம் அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றும், பிழைத்ததே அதிசயம் என்றும் டாக்டர் சொன்னார். எழுந்து நடமாட ஆரம்பித்தவருக்குப் பேச முடிந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. குழந்தையைப் பார்த்தால் சிரித்தார். ஆனால் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். போதும் என்று சொல்லாவிட்டால் நிறுத்தமாட்டார். குளிக்கச் சொன்னால் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். கொல்லைப்பக்கம் போவதைக்கூட நான்தான் சொல்ல வேண்டும். அதையும் முழுதாகச் சொல்ல வேண்டும்: “வெளிய போய்ட்டு, கால் கழுவிட்டு, திரும்பி உள்ள வாங்க.” ‘திரும்பி வாங்க’ என்பதை ஒருநாள் விட்டுவிட்டேன். கொரட்டூர் ஏரிக்கரையில், வெகுதூரத்தில், நடந்துகொண்டிருந்தவரைக் கூட்டிவந்தார்கள்.

பக்கத்து வீடு என் மூத்தாருடையது. என் கணவருடைய அண்ணன். மாமனார் காலத்திலேயே பாகம் பிரித்தாயிற்று. ஏரி மதகை ஒட்டிய நிலம் எங்கள் பங்கு. நானும் அவரும் கைக்குழந்தையும் சாப்பிடுவது அந்த நிலத்தில்தான். மூத்தாரின் பங்கு மேட்டில் இருந்தது, தண்ணீர் ஏறாது. தன் தம்பிக்கு மதகடி போனதை அவர் எந்த நாளும் ஜீரணிக்கவில்லை.

முதலில் எல்லோரும் உருகினார்கள். என் கணவரைத் திருவேற்காட்டு அம்மன் கோயிலில் கொண்டுபோய்த் தங்கவைத்தோம். வேப்பிலை அடித்தார்கள். அவர் ‘சரி, சரி’ என்று உட்கார்ந்திருந்தார். அதற்குள் மூத்தாரின் மகளுக்கு வரன் வர ஆரம்பித்துவிட்டது. உருக்கம் அன்றோடு முடிந்தது.

“கிறுக்கு புடிச்ச ஊடுன்னு பேராயிட்டா எம்பொண்ண எவன் கட்டுவான்?” என்றாள் மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி. “வெளியில மூச்சு வுட்டே, அவ்ளோதான். படிச்சவதானே நீ? பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கற மாதிரி உம்புருசனுக்கு நாலு வார்த்த சொல்லிக் குடேன்.”

நான் பூந்தமல்லி மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அதற்காக அந்த வீட்டில் எனக்கு யாரும் மரியாதை தந்ததில்லை. அன்றுதான் முதன்முதலாக என் படிப்பு அவர்களுக்கு உபயோகப்பட்டது. மூத்தவர்கள் சொன்னதைச் செய்தேன். ‘வாங்க, உக்காருங்க’, ‘பிரயாணமெல்லாம் சௌக்கியமா’, ‘மழ எப்படி உங்க பக்கம்?’ இந்த மூன்றையும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல, அவருக்குப் பழக்கினேன். நிச்சயதார்த்தத்தன்று சலவை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்காரவைத்தேன். தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். மழை எப்படி என்று கேட்டார். சம்பந்தி வீட்டார் அவரோடு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, “சித்தப்பா நல்ல அடக்கமான மனுசன்” என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ஓரகத்தி அன்று எனக்கு ஒரு முழம் பூ கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஒருநாள் நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது மூத்தார் வந்து, “வாடா” என்று கூப்பிட, இவர் எழுந்து போனார். வண்டி கட்டிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பினார்கள். நெற்றியில் புது விபூதி.

“எங்க போய்ட்டு வந்தீங்க?”

“பூந்தமல்லிக்கு.”

“பூந்தமல்லில எங்க?”

“ரிஜிஸ்தர் ஆபீசுக்கு. மொகரம்னு மூடியிருந்துச்சு.”

“அங்க என்ன வேலை உங்களுக்கு?”

“கையெழுத்து போட. அண்ணன் போடச் சொன்னாரு.”

எதையும் மறைக்கத் தெரியாதவரிடமிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மதகடி நிலத்தை மூத்தாருக்கே கிரயம் செய்வதாகப் பத்திரம் எழுதித் தயாராக இருக்கிறது. சப்-ரிஜிஸ்திரார், “மனசாரத்தான் எழுதிக் கொடுக்கிறீரா?” என்று கேட்பார். இவர் ‘சரிங்க’ என்பார். அத்தோடு முடிந்தது. ஒரு பண்டிகை குறுக்கே வந்ததால் அன்று எங்களுக்குச் சோறு மிஞ்சியது. பண்டிகை தினமும் வராது.

அந்த வாரமே என் அப்பாவை வரவழைத்துப் பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் போனேன். வக்கீல் குட்டையான மனிதர். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார்.

“செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டுல மனுப் போடணும்மா. இவருக்குப் புத்தி நிதானம் இல்லைன்னு கோர்ட்டு விசாரிச்சுத் தீர்மானிக்கணும். தீர்மானிச்சா இவர் உடம்பைப் பாத்துக்க ஒரு கார்டியன் போடுவாங்க. சொத்தைப் பாத்துக்க ஒரு மேனேஜர். அப்புறம் இவர்கிட்ட எவன் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. தீர்ப்பு வர்ற வரைக்கும் பத்திரம் பதியக்கூடாதுன்னு முதல்ல ஒரு தடை வாங்கிடறேன்.”

“ரெண்டும் நானே இருக்கலாமா?”

“சொத்துக்கு இருக்கலாம். உடம்புக்குத்தான் சிக்கல். யார் வாரிசோ அவங்ககிட்ட ஆளை ஒப்படைக்கறதுக்குச் சட்டம் யோசிக்கும்.”

“ஏன்?”

“இவர் செத்தா யாருக்கு லாபமோ, அவங்களையே இவருக்குச் சோறு போடச் சொல்லலாமா? ஆண்பிள்ளை இருந்தா அவன் வாரிசு. உனக்குப் பொண்ணு. பாகம் பிரிஞ்ச சொத்து. அதனால வாரிசு நீ.”

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். ஆண்பிள்ளை பெறவில்லை என்று ஊரார் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். ஆண்பிள்ளை பெறாததால் நான் புருஷனைக் கொல்லக்கூடும் என்று எங்கோ உட்கார்ந்து யாரோ யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. யார் வாயில் பருக்கை பருக்கையாக ஊட்டினேனோ அவருக்கு நான் விஷம் வைப்பேனாம். நிலத்துக்காக அவரை வண்டியேற்றிக் கொண்டுபோன அண்ணன் வாரிசு இல்லையாம். அதனால் அவர்மேல் சந்தேகம் இல்லையாம்.

“ஜட்ஜு நினைச்சா, காரணம் எழுதி, உனக்கே கொடுக்கலாம்” என்றார் வக்கீல். “காரணம் கிடைக்கணும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரே குழப்பம். ஒருவேளை நான் அவசரப்படுகிறேனோ? ஊர் மொத்தத்துக்கும் முன்னால் கட்டிய புருஷனைப் புத்தியில்லாதவர் என்று சொல்லப்போகிறேனே, நாளைக்கு இந்தக் குழந்தைக்கு யார் வரன் கொடுப்பார்கள்? மூத்தார் மகளின் கல்யாணம் நின்றால் அந்தப் பாவம் யாருடையது? ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சம்மன் வந்த அன்று மூத்தார் எங்கள் வாசலில் நின்றார். எங்கள் குடும்பங்களில் மூத்தார், தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். குழந்தையிடமோ தூணிடமோ பேசுவார். கேட்க வேண்டியவள் கேட்டுக்கொள்ள வேண்டும். என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்து அவர் பேசினார்.

“ஏ பாப்பா, உங்கம்மாவாண்ட சொல்லு. கோர்ட்டுக்குப் போறாங்களாமே? எந்தம்பி பைத்தியமாம். நெச்சிதார்த்தத்துல முன்னால குந்திகினு மழைய விசாரிச்சானே, அது இன்னா பூதமா? நாலு ஊரு பாத்துக்கீது.”

நானும் குழந்தையிடமே சொன்னேன். “பாப்பா, பெரியப்பாகிட்ட சொல்லு. மழையை விசாரிக்கச் சொல்லிக்குடுத்ததே உங்கம்மாதான்னு.”

“பாப்பா, உங்கம்மாவுக்கு எட்டாங்கிளாசு ஏறிக்கினு கீது. எம்பொண்ணு கல்யாணத்த நிறுத்தத்தான் இந்த ஆட்டம்.”

“பாப்பா, உங்கப்பா நிலத்துல நிழல் விழாம பெரியப்பா தள்ளி நின்னா ஒரு ஆட்டமும் இல்லைன்னு சொல்லு.”

குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் மூத்தாரைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது.

விசாரணைக்கு முதல்நாள் அவர் மறுபடி வந்தார். இந்தமுறை என் கணவரிடம் நேராகப் போய், “வாடா, கோர்ட்டுக்கு நான் இட்டுகினு போறேன். அண்ணன் எப்பிடி வெச்சிக்கிறேன்னு ஜட்ஜு பாக்கட்டும்” என்றார்.

இவர் எழுந்தார்.

“இருங்க” என்றேன். உட்கார்ந்தார்.

“வாடான்றேன்.” எழுந்தார்.

“உக்காருங்க.” உட்கார்ந்தார்.

“டேய்!” எழுந்தார்.

ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இரண்டு பேருக்கும் ‘சரி, சரி’ என்றபடி எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்தார். முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. மூத்தாருக்கு அது தெரியவில்லை, தெரிந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டார். நான்தான் வாயை மூடிக்கொண்டேன். இவர் அண்ணனுக்குப் பின்னால் நடந்து போனார்.

செங்கல்பட்டு போவதற்கு வில்லிவாக்கத்தில் ரயிலேறி, பட்டணம் போய், எழும்பூரில் வேறு வண்டி பிடிக்க வேண்டும். அப்பாவும் நானும் குழந்தையும் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜரிகைத் துண்டு, சந்தனப் பொட்டு. வழியெல்லாம் காப்பியும் மோருமாக வாங்கிக் கொடுத்ததாக ஓரகத்தி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள், மூத்தார் பக்கத்துச் சாட்சியாக.

எங்கள் வக்கீல் என்னை ஓரமாக அழைத்தார். “இன்னைக்கு நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. நீ சொல்றதை அவர் செய்வார். பாக்கறவங்க அவராவே செஞ்சதா நினைப்பாங்க. புரியுதா? எது நடந்தாலும் பேசாதே.”

முதலில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். “புருஷன் பெயர்?” என்றார் குமாஸ்தா. எனக்கு நாக்கு எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. எங்களில் யாரும் சொல்வதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “பார்த்தீர்களா? புருஷன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிற பதிவிரதைக்கு, பைத்தியம் என்ற பட்டத்தை மட்டும் சொல்ல வெட்கமில்லை” என்றார். கோர்ட்டே சிரித்தது. சம்பந்தியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் அவர் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு, உரக்கச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஓரகத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெயருக்குரியவர் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து எழுந்து நின்றார். யாரோ உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு அவருடைய முறை. ஜட்ஜு தமிழ் தெரிந்தவர், தலைப்பாகை கட்டிய வயதானவர். பொறுமையாகத்தான் கேட்டார். பெயர் சொன்னார். ஊர் சொன்னார். இது யார் என்றால், அண்ணன் என்றார். நிலத்தை விற்கச் சம்மதமா என்றால், சரிங்க என்றார். அப்படியானால் விற்க வேண்டாமா என்றார் ஜட்ஜு. அதற்கும் சரிங்க.

எனக்கு மூச்சு வந்தது. உடனே எதிர்த்தரப்பு வக்கீல், “கனம் கோர்ட்டார் முன்னால் எந்தக் குடியானவன் ‘இல்லை’ என்று சொல்வான்? இது பயம், பைத்தியம் அல்ல” என்றார். ஜட்ஜு தலையாட்டினார். அது நியாயமாகத்தான் இருந்தது. சம்பந்தி வந்து மழை விசாரித்த கதையைச் சொன்னார். பரிசோதித்த சர்க்கார் டாக்டர், ஒருதரம் பார்த்ததில் நிச்சயமாகச் சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார். கடைசியில் அந்த வக்கீல் இன்னொன்றும் சொன்னார்: அப்படியே நிதானமில்லாதவர் என்று கோர்ட்டார் கருதினாலும், மரணத்தால் லாபமடையும் மனைவியிடம் அவரை விடக்கூடாது, லாபமில்லாத அண்ணனிடமே விட வேண்டும். தம்பி தெளிவானவன், பத்திரம் செல்லும். தம்பி பைத்தியம், என்னிடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே வாயால் கேட்டார்கள். அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

வாதம் நீண்டுகொண்டே போனது. நான் என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்திருந்தார். வலது கட்டைவிரலால் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. காலையிலிருந்து காப்பியும் மோரும் கொடுத்தவர்கள் ஒருதரம்கூட அவரை வெளியே போகச் சொல்லியிருக்கமாட்டார்கள். தானாகப் போவான் என்று நினைத்திருப்பார்கள். மூத்தார் அவர் பக்கத்திலேயே, தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் போதும். கை தோளில் இருந்தது. கண் அந்தப் பக்கமே போகவில்லை.

பேசாதே என்றிருந்தார் வக்கீல். நான் பேசாமல் இருந்தால் நடக்கப்போவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதுவே எனக்குச் சாட்சியாகும் என்பதும் எனக்குப் புரிந்தது. நிலம் பிழைக்கும். குழந்தை பிழைக்கும். சம்பந்தியம்மாள் மறுபடி முந்தானையை எடுப்பாள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்தேன், அது அழுதது. கட்டைவிரல் தேய்ப்பது நின்றது. அப்போது நான் எழுந்துவிட்டேன்.

“எழுந்து வெளிய போங்க!” என்று கத்தினேன்.

அவர் எழுந்தார். வேட்டியின் முன்பக்கம் ஏற்கெனவே நனைய ஆரம்பித்திருந்தது. துண்டால் மறைத்துக்கொள்ளத் தோன்றாமல், நிமிர்ந்து நடந்து வெளியே போனார்.

“யார் அது? உட்காரம்மா!” என்றார் ஜட்ஜு. எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது. போங்க என்றேன், எங்கே என்று சொல்லவில்லை. திரும்பி வாங்க என்றும் சொல்லவில்லை. கோர்ட்டு ஜன்னல்கள் சாலையைப் பார்த்து இருந்தன. அவர் தாழ்வாரத்தைத் தாண்டி, படியிறங்கி, வெயிலில் சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூத்தார் ஜன்னலுக்கு ஓடினார். “டேய்! நில்றா!”

நின்றார். சாலை நடுவில். ஒரு ஜட்கா வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் லகானை இழுத்து நிறுத்திவிட்டு, “இன்னா நைனா, ஊட்ல சொல்லிக்கினு வந்துட்டியா? ஒதுங்குய்யா!” என்று வைதான். ஒதுங்குய்யா என்றதும் இவர் ஒதுங்கினார். நான் குழந்தையை அப்பாவிடம் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வரும்போது என் முந்தானையை அவர் இடுப்பின் முன்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜட்ஜு அவரை நிற்கவைத்துக் கேட்டார். “சாலையில் ஏன் நின்றீர்?”

“அண்ணன் நிக்கச் சொன்னாருங்க.”

“அதற்கு முன்னாலேயே வெளியே போயிருக்கலாமே. அவசரம் தெரியவில்லையா?”

“தெரிஞ்சுதுங்க.”

“பின் ஏன் போகவில்லை?”

“யாரும் சொல்லலைங்க.”

ஜட்ஜு மூத்தாரைத் திரும்பிப் பார்த்தார். “நேற்றிலிருந்து உம்மிடம்தானே இருந்தார்?”

“அவனே போவான்னு நெனச்சேங்க… இதெல்லாமா சொல்லுவாங்க ஆம்பளைக்கு?” என்றார் மூத்தார்.

“சொல்லணும்” என்றேன் நான், யாரும் என்னைக் கேட்காமலே. “எப்பவும் சொல்லணும். சாப்பாடானதும் சொல்லணும். படுக்கறதுக்கு முன்னால சொல்லணும். திரும்பி வரவும் சொல்லணும்.” இந்தமுறை ஜட்ஜு என்னை உட்காரச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பைச் சில வாரங்கள் கழித்து வாசித்தார்கள். நிதானமில்லாதவர் என்று தீர்மானம். சொத்துக்கும் உடம்புக்கும் நானே. வாரிசாக இருந்தும் எனக்குக் கொடுப்பதற்குக் காரணம் இன்னின்னது என்று ஜட்ஜு எழுதியிருந்தார். வருஷா வருஷம் வரவுசெலவுக் கணக்கைக் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஒரு குழி நிலத்தைக்கூடக் கோர்ட்டு அனுமதியில்லாமல் விற்கக்கூடாது என்றும் எனக்கு உத்தரவு. திருடப் பார்த்தவருக்கு ஒரு உத்தரவும் இல்லை. அவர் வக்கீலோடு வெற்றிலை போட்டுக்கொண்டு படியிறங்கினார். சம்பந்தி வீட்டார் விசாரணை நடந்த வாரத்திலேயே நிச்சயத்தை முறித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அவள் அப்பாவை நினைத்தால் நிலைக்கு வந்துவிடுகிறது.

ஸ்டேஷனில் மூத்தார் என் எதிரே வந்து நின்றார். குழந்தையையும் பார்க்கவில்லை, தூணையும் பார்க்கவில்லை. முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து, “திருப்தியா?” என்றார். பிறகு, “அடுத்த வாரம் எங்கப்பனுக்கு திவசம். அவன் வரணும். அன்னிக்கி இட்டுகினு போறேன்” என்றார்.

நான் குழந்தையிடம் சொன்னேன். “பாப்பா, உங்க பெரியப்பாகிட்ட சொல்லு. திவசத்துக்கு உங்கப்பாவை நானே கூட்டிட்டு வந்து, நானே கூட்டிட்டுப் போவேன்னு. அவர் கூட்டிட்டுப் போக முடியாது.”

அந்தச் சொல் வாயிலிருந்து வந்தபோது என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. “ஏறுங்க. ஜன்னலோரம் உக்காருங்க. கையை வெளியில நீட்டாதீங்க.” ஒவ்வொன்றாகச் செய்தார். வண்டலூர் தாண்டியதும் கூஜாவைத் திறந்தேன்.

“தண்ணி வேணுமா?”

“சரி.”

“தாகமா இருக்கா, இல்ல நான் கேட்டதுக்காகச் சொல்றீங்களா?”

“சரி.”

அவர் உதட்டைப் பார்த்தேன். காய்ந்திருந்தது போலவும் இருந்தது. காயாதது போலவும் இருந்தது. பட்டணம் போய்ச் சேர இன்னும் நேரம் இருந்தது. கொடுத்தால், எழும்பூரில் இறங்கியதும் மறக்காமல் சொல்ல வேண்டும். கொஞ்சம் யோசித்து, அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.